வெட்டிய படத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு: எங்கிருந்து வருகிறது, எப்படி எடுப்பது

சேலத்து மல்கோவாவை வெள்ளைப் பின்னணியில் வரைந்து, பின்னணியை மேஜிக் வாண்டால் (ஒரே நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவி) எடுத்து, பின்னணியில்லாத படத்தைத் தாங்கும் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் திரையில் கச்சிதமாகத்தான் இருக்கும். அதே படத்தைக் கரும்பச்சை மாம்பழப் பெட்டி டிசைனில் வைத்ததும் பழத்தைச் சுற்றி வெளிறிய கோடு ஓடும். உடனே ரப்பரால் ஓரத்தைச் சுரண்டத் தோன்றும். சுரண்டினால் ஓரம் மேடு பள்ளமாவதுதான் மிச்சம்.

கோளாறு நிறத்தில் இருக்கிறது. ஓரம் வழவழப்பாகத் தெரிவதற்காக, விளிம்புப் பிக்சல்களில் மென்பொருள் பழத்தின் நிறத்தையும் பின்னணியையும் கலந்துவிடுகிறது. பழத்தின் நிறம் சிவப்பு, பச்சை, நீல அளவுகளில் 255, 170, 0 என்றால், வெள்ளையோடு பாதிக்குப் பாதி கலந்த பிக்சல் 255, 213, 128 ஆகிறது. பின்னணி போன பிறகும் அந்த எண் அப்படியே நிற்கும். அங்கே இருக்க வேண்டியது 255, 170, 0 தான்; ஒபாசிட்டி (ஒளி ஊடுருவாத அளவு) மட்டும் 50 சதவீதம்.

முதலில் சோதனை. படத்துக்கு அடியில் ஒரு கறுப்பு லேயர் போட்டு 300 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு அதையே அடர் மெஜந்தாவாக மாற்றிப் பாருங்கள். வெற்றிடத்தைக் குறிக்க மென்பொருள் காட்டும் சாம்பல்-வெள்ளைக் கட்டத்தை நம்ப வேண்டாம், வெள்ளைக் கோடு அதில் ஒளிந்துகொள்ளும்.

பெரும்பாலான ஓவிய மென்பொருள்களில் செல்லுபடியாகும் வழி ஆல்பா லாக். ஆல்பா என்பது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரிகிறது என்ற அளவு; அதைப் பூட்டுவதுதான் இது. லேயரில் அதைப் போட்டு, விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கும் நிறத்தை ஐட்ராப்பரால் (நிறம் எடுக்கும் கருவி) எடுத்து, ஓரத்தின் மேலேயே பிரஷ் ஓட்டுங்கள். ஒபாசிட்டி மாறாது, நிறம் மட்டும் திருந்தும். கிரிட்டா, புரோகிரியேட், ஐபிஸ் பெயின்ட் மூன்றிலும் இது உண்டு. நிறங்கள் அதிகமில்லாத ஓவியத்துக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

ஃபோட்டோஷாப்பில் லேயர் மெனுவின் மேட்டிங் பகுதியில் ‘ரிமூவ் வொயிட் மேட்’ இருக்கிறது; ஓரத்தில் கலந்த வெள்ளையை அது நீக்கும். லேயர் மாஸ்க் (படத்தின் பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) இருந்தால் முதலில் அப்ளை செய்துவிடுங்கள். பின்னணி தூய வெள்ளையாக இல்லாவிட்டால் ஓர நிறத்தை உள்நிறமாக மாற்றும் ‘டிஃப்ரிஞ்ச்’ 1 பிக்சல் போதும். 3, 4 என்று ஏற்றினால் மெல்லிய கோடுகள் தடித்துவிடும். கிம்ப்பில், ஒரு நிறத்தை மறையச் செய்யும் ‘கலர் டு ஆல்பா’வை மொத்தப் படத்துக்கும் போடாதீர்கள், பழத்தின் மேலுள்ள ஒளிப்பொட்டும் சேர்ந்து ஓட்டையாகிவிடும். ஆல்பாவைத் தேர்வாக்கி (பழத்தின் வடிவம் தேர்வாகும்), தேர்வின் ஓரப் பட்டையை மட்டும் எடுக்கும் ‘பார்டர்’ 2 பிக்சல் வைத்து, அந்தப் பட்டைக்கு மட்டும் போடுங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுகளைக் கேட்லாக்குக்கு வெட்டுவது தனித் தலைவலி. வெள்ளிப் பளபளப்பும் வெள்ளைப் பின்னணியும் ஏறக்குறைய ஒரே நிறம்; தானியங்கித் தேர்வு கண்ணிகளைத் தின்றுவிடும். நடுச் சாம்பல் பின்னணியில் படமெடுத்து, பென் டூலால் (புள்ளி வைத்துக் கோடு வரையும் கருவி) விளிம்புக்கு 1 பிக்சல் உள்ளே பாதை போட வேண்டும். சலங்கைகளுக்கு இடையிலுள்ள சந்துகளையும் மறக்காமல் வெட்டுங்கள்.

கேமுக்குப் போகும் படமென்றால் இன்னொரு வம்பு. முழுதாக மறைந்த பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு. படத்தைச் சிறிதாக்கும்போது அது ஓரத்தில் கசியும். கேம் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டியில் ‘ஆல்பா இஸ் டிரான்ஸ்பரன்சி’, கோடோவில் ‘ஃபிக்ஸ் ஆல்பா பார்டர்’ டிக் செய்தால் சரியாகும்.

கறுப்பு டிஷர்ட்டில் டிடிஎஃப் பிரின்ட் (பிலிமில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் முறை) போட்டால், கோப்பு சுத்தமாக இருந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். நிறங்களுக்கு அடியில் வெள்ளை மை விழுவதுதான் காரணம். கடைக்காரரிடம் ரிப் மென்பொருளில் (கோப்பைப் பிரின்டருக்குத் தயாராக்குவது) வெள்ளைக்கு 1 அல்லது 2 பிக்சல் ‘சோக்’ வைக்கச் சொல்லுங்கள், அதாவது வெள்ளை மைப் பகுதியை அவ்வளவு உள்ளே சுருக்கச் சொல்லுங்கள். 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) 1 பிக்சல் என்பது 0.085 மில்லிமீட்டர்தான், டிசைன் சுருங்கியதாகத் தெரியாது. மங்கலான நிழல், பளிச்சிடும் ஒளிவட்டம் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது, முன்பே நீக்கிவிடுங்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அது ஜேபெக் ஆகி, எடுத்த பின்னணிக்குப் பதில் வேறு நிறம் நிரம்பி நிற்கும்.