கேரம் காய் வைத்து ஒரு வாள் சண்டை: முதல்முறை ஆடுபவர்களுக்கு

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் "எந்த ஆயுதம் பலமானது?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கே போய் நிற்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. முதல் சண்டையிலேயே பாதிப் பேர் விழுவது அதனால்தான். இங்கே சொல்வது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள்.

முதலில் களம். சார்ட் பேப்பரில் ஓர் அங்குலக் கட்டங்கள் போடுவது வழக்கம். ஒரு கட்டம் என்றால் ஆட்டத்தில் 5 அடி. பொம்மைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், கேரம் காய்களே போதும். ஆனால் காயின் குறுக்களவு 3 சென்டிமீட்டருக்குமேல் இருப்பதால் அங்குலக் கட்டத்தில் அடங்காது. ஒன்றரை அங்குலமாகவே கோடு போடுங்கள். வெள்ளை நாம், கறுப்பு எதிரி. இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால், 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

அடுத்தது வரிசை. ஒவ்வொருவரும் பகடை உருட்டி, தங்கள் பாத்திரத்தின் சுறுசுறுப்புக்கான எண்ணைக் கூட்ட வேண்டும். அதிகம் பெற்றவர் முதலில். எல்லோரும் ஒருமுறை ஆடி முடித்தால் ஒரு சுற்று; கதையில் அது ஆறே விநாடிதான்.

இனி நடை. உங்கள் முறையில் கொஞ்சம் நடக்கலாம், ஒரு செயல் செய்யலாம். மனிதனின் வேகம் 30 அடி, அதாவது ஆறு கட்டம். நாலு கட்டம் நடந்து, வெட்டிவிட்டு, மிச்சம் இரண்டு கட்டம் நடக்கவும் அனுமதி உண்டு. எங்கள் களம் காசிமேட்டு மீன் ஏலத் திடல், நள்ளிரவு, ஆளில்லை. தரையில் பரப்பிய வலைமேல் நடந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கட்டக் கணக்கு. இரண்டு கட்டம் வெறுந்தரை, இரண்டு கட்டம் வலை என்று கடந்தால் ஆறும் தீர்ந்துவிடும். இடுப்பளவு ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நிற்பவரின் கவச எண்ணில், அதாவது அவர்மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்ணில், 2 கூடும்.

இப்போது எல்லோரும் அடி வாங்கும் இடம். எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டு வெறுமனே விலகினால், அவனுக்கு இலவசமாக ஒரு வெட்டு கிடைக்கும். ஆனால் ஓர் எதிரிக்கு ஒரு சுற்றில் அப்படி ஒன்றுதான். நான் முதல்நாள் ஆடியபோது ஒரே ஓட்டத்தில் மூன்று பேரைக் கடந்து மூன்று வெட்டு வாங்கினேன். விலக வேண்டுமானால் அந்த முறையின் செயலை விலகுவதற்கே செலவிடுங்கள்; அடி விழாது. எதிரியை ஒட்டியபடியே சுற்றி வந்தாலும் விழாது. கோப்ளின் எனும் குட்டிச்சாத்தானுக்கு ஒரு சலுகை உண்டு: வெட்டிவிட்டு அதே முறையில் நைசாக நழுவும். எரிச்சலூட்டும் பிறவி.

தாக்குதல் எளிது. பகடையில் 13 விழுந்தது. வலுவுக்கு 3, பயிற்சிக்கு 2 கூட்டினால் 18. குட்டிச்சாத்தானின் கவச எண் 15, ஆகவே பட்டுவிட்டது. நீள்வாளுக்கு எட்டு முகப் பகடை. 3 விழுந்தால் வலுவின் 3 சேர்த்து 6. அதன் உயிர்ப்புள்ளி 7, ஒன்று மிச்சம். இருபதே விழுந்தால் சேதப் பகடையை இரண்டு முறை உருட்டிக் கூட்டலாம்.

உங்கள் உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் மயங்கி விழுவீர்கள். ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி, 10 அல்லது அதற்குமேல் மூன்று தடவை எடுத்தால் பிழைப்பீர்கள். மூன்று தடவை குறைந்தால் முடிந்தது. விழுந்தவரின் காய்மேல் நாங்கள் ஒரு புளியங்கொட்டையை வைப்போம். நண்பர் மருந்து கொடுத்து எழுப்பினால், எழுந்து நிற்கவே வேகத்தில் பாதி போய்விடும். மிச்சம் மூன்று கட்டம். கொட்டையை எடுப்பதற்கு முன் ஐஸ் பெட்டி எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.