கட்டுப்பாட்டுக் குழியிலேயே ஈஸ்ட்ரோஜன்: எம்.சி.எஃப்-7 பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களனி ஆற்று நீரோ, சுடுசோறு கட்டிய பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட்டின் சாறோ எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்க் கலங்களுக்கு ஈஸ்ட்ரோஜன்போல் தெரிகிறதா என்று பார்க்க வரும் கொழும்பு மாணவருக்குக் கையுறை, லேபல் பற்றிச் சொல்லித்தர ஆளிருக்கும். கீழே உள்ளவற்றை யாரும் சொல்வதில்லை.

சிவப்பு மீடியாவும் சாதாரண சீரமும்

மாதக்கணக்கான வேலையைக் குப்பையாக்குவது இதுதான். எம்.சி.எஃப்-7 கலங்களில் ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் புரதமான ஈஸ்ட்ரோஜன் வாங்கி (receptor) ஆல்ஃபா நிறைய உண்டு. உடலின் முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடையோல் 10 பிக்கோமோலார் கிடைத்தாலே பெருகும். கலங்கள் வளரும் திரவமான மீடியாவுக்குச் சிவப்பு தரும் ஃபீனோல் ரெட் சாயத்துக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டென்று 1986இலேயே காட்டிவிட்டார்கள். வணிகச் சாயத்திலுள்ள கலப்புப்பொருளே காரணமென்று பின்னர் தெரிந்தது. மீடியாவில் சேர்க்கும் கன்றுச் சீரத்திலோ (இரத்தத் தெளிநீர்) மாட்டின் ஓமோன்கள். இரண்டையும் ஊற்றினால் வளர்ப்புத் தட்டில் சோதனைப் பொருள் எதுவும் இடாத கட்டுப்பாட்டுக் குழியே முழுவேகத்தில் வளரும். அதன்மேல் பிளாஸ்டிக்கில் உள்ள, ஈஸ்ட்ரோஜன்போல் நடிக்கும் பிஸ்ஃபீனோல் ஏ இட்டால் என்ன தெரியும்? ஏற இடமிருந்தால்தானே ஏறும்! "தாக்கமில்லை" என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள், எரிச்சலே அதுதான்.

ஃபீனோல் ரெட் இல்லாத மீடியாவும், கரியில் வடித்த 5% சீரமும் வேண்டும். வாங்கக் காசில்லையா? 500 மில்லிலீற்றர் சீரத்துக்கு 5 கிராம் கிளர்வூட்டிய கரி, 0.5 கிராம் டெக்ஸ்ட்ரான் டி-70. 4 பாகையில் இரவு முழுக்கக் கலக்கி, மையநீக்கியில் கரியை இறக்கி, 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் விடுங்கள். கரி ஸ்டீரொய்ட்டைப் பிடிக்கும்; டெக்ஸ்ட்ரான் புரதங்களைக் கரியின் துளைக்குள் விடாது. ஒவ்வொரு தொகுதியையும் சோதியுங்கள்: எஸ்ட்ரடையோல் 1 நானோமோலார் இட்ட குழி, இடாததைவிட 6 நாளில் பல மடங்கு பெருக வேண்டும். பெருகாவிட்டால் அந்தச் சீரத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். மீடியாவில் தனியாக இன்சுலின் சேர்த்தாலும் இதே கதிதான்.

மீடியா மாற்றிய அன்றே சோதனைப் பொருளை இடாதீர்கள். 48 முதல் 72 மணிநேரம் இந்த ஓமோன் இல்லாத மீடியாவில் கலங்களைப் பட்டினி போடுங்கள்.

பிளாஸ்டிக்கை நம்புவது

1980களின் கடைசியில் பொஸ்டன் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சொனன்ஷைன் குழுவின் கட்டுப்பாட்டுக் கலங்கள் ஈஸ்ட்ரோஜனே இல்லாமல் பெருகத் தொடங்கின. காரணம் மையநீக்கிக் குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த நொனைல்ஃபீனோல் என்ற வேதிப்பொருள் என்று 1991இல் வெளியிட்டார்கள். 1993இல் ஸ்டான்ஃபோர்ட்டில் ஓட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பொலிகார்பனேட் பிளாஸ்டிக் குடுவையிலிருந்து பிஸ்ஃபீனோல் ஏ கசிந்தது. ஆகவே சாற்றை எத்தனோல் கழுவிய கண்ணாடியில் எடுங்கள்; லஞ்ச் ஷீட் இல்லாமல் அதே படிகளைச் செய்த வெற்றுச் சாறும் ஒரு வரிசையில் இருக்கட்டும்.

எதிர்ப்பானை மறப்பது

பெருக்கம் கண்டதும் ஈஸ்ட்ரோஜன் என்று முடிவு கட்டாதீர்கள். வாங்கியைத் தடுக்கும் மருந்தான ஃபுல்வெஸ்ட்ரன்ட் 100 நானோமோலார் சேர்த்தபின் பெருக்கம் விழுந்தால்தான் அது வாங்கி வழியாக நடந்தது. அந்த வாங்கி இல்லாத எம்.டி.ஏ-எம்.பி-231 கலங்களையும் பக்கத்தில் ஓட்டுங்கள்.

ஒரே ஒரு செறிவு

வாங்கி ஆல்ஃபாவில் பிஸ்ஃபீனோல் ஏ எஸ்ட்ரடையோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுக்குறைந்தது. 1 நானோமோலாரிலிருந்து 10 மைக்ரோமோலார்வரை பத்துப் பத்து மடங்காக ஏறுங்கள். மேலே போகப்போக நச்சுத்தன்மை கலங்களைக் கொல்லும். வளைகோடு மேடேறி இறங்கும். இறக்கத்தில் ஒரே புள்ளியை எடுத்தால் விடை தலைகீழ்.

டி.எம்.எஸ்.ஓ

சோதனைப் பொருளைக் கரைக்கும் கரைப்பான் இது. 0.1%க்குள். எல்லாக் குழியிலும் ஒரே அளவு.

எம்.டி.டி மட்டும்

எம்.டி.டி (MTT) என்ற நிறமாற்றச் சோதனை அளப்பது வளர்சிதை மாற்றத்தை, கல எண்ணிக்கையை அல்ல. கலங்களை எண்ணுங்கள்.