குளிர் நாடும் புரோஸ்டேட்டும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வரும் ஆண்களுக்கு

இங்கே முதல் குளிர்காலம் வந்ததும் நம் ஆண்கள் பலர் கவனிக்கும் விஷயம், அடிக்கடி சிறுநீர் வருவது. ஊரில் இரவில் ஒருமுறை எழுந்தவர் இங்கே மூன்று முறை எழுகிறார். விளக்கம் சொல்ல ஆள் பஞ்சமில்லை. "குளிர் நாடு, இப்படித்தான்" என்பார் ஒருவர். "ஹீட்டர் போட்டுப் போட்டு உடம்பு சூடாகிவிட்டது, வெந்தயம் ஊறவைத்துக் குடி" என்பார் இன்னொருவர். முப்பது வயதுக்காரர் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஐம்பதைத் தாண்டியவர் அப்படி இருக்கக் கூடாது.

குளிரில் சிறுநீர் கூடுவது உண்மைதான். தோலருகே உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்தம் உடம்பின் உள்பக்கம் போகிறது, சிறுநீரகம் கூடுதலாக நீரை வெளியேற்றுகிறது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வயதாக ஆகப் பெரிதாவதும் சகஜம். அது புற்றுநோய் அல்ல, ஆனால் அதன் தொந்தரவு குளிரில் கூடும். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சளி பிடித்தால் கடையில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் சிலவும், தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும், புரோஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். பார்மசிஸ்டிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஒரு சொட்டுகூடப் போகாமல் வயிறு உப்பி வலித்தால், காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, வெயிலோ குளிரோ புற்றுநோயையே கொண்டுவருமா? இந்தக் கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். வெயில் குறைந்தால் வைட்டமின் டி குறையும், அதனால் புரோஸ்டேட் புற்றுநோய் கூடலாம் என்று 1990ல் ஷ்வார்ட்ஸ், ஹல்கா என்ற இருவர் எழுதினார்கள். அமெரிக்காவில் வடக்கே போகப் போக இந்த நோயால் இறப்பவர்கள் கூடுவது வரைபடத்திலும் தெரிந்தது. 2010ல் வந்த இன்னோர் ஆய்வு, அங்கே குளிர் மிகுந்த, மழை குறைந்த மாவட்டங்களில் நோய் அதிகம் என்றது. பூச்சிமருந்து போன்ற நச்சுகள் ஆவியாகிப் போய்க் குளிரான இடங்களில் படிந்து தங்குவது காரணமாக இருக்கலாம் என்ற ஊகமும் அதில் உண்டு.

படித்தால் நம்பத் தோன்றும். ஆனால் அமெரிக்காவை விட்டு வெளியே பார்த்தால் கணக்கு உதைக்கிறது. வருடம் முழுக்க வெயில் அடிக்கும், கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் புரோஸ்டேட் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களின் வரிசையில் வருகிறது. ஆர்க்டிக் பனியில் வாழும் இனுயிட் மக்களிடம் அது குறைவு. அந்தத் தீவுகளில் ஆப்பிரிக்க வம்சாவளி ஒரு பெரிய காரணம். அங்கே வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தின் மேலும் பலத்த சந்தேகம் இருக்கிறது. அந்த வகை மருந்துகளோடு வேலை செய்தவர்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோயை 2021ல் பிரான்ஸ் அரசு தொழில்சார் நோயாகவே ஏற்றுக்கொண்டது. ஆக, அங்கே தேட வேண்டியது வெயிலை அல்ல, தோட்டத்தில் தெளித்ததை.

வைட்டமின் டி மாத்திரையையும் சோதித்துப் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில், தினமும் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை. அதற்காக வைட்டமின் டி வேண்டாம் என்று இல்லை. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்குள்ள வெயில் அதற்குப் போதாது. தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுக்கச் சொல்கிறது இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்கள் வருடம் முழுக்கவே எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அது எலும்புக்கும் தசைக்கும். ஊரிலிருந்து பெட்டியில் வரும் 60,000 யூனிட் பாக்கெட்டை டாக்டரைக் கேட்காமல் பிரிக்க வேண்டாம்.

உடம்புச் சூடு பற்றி ஒரு வார்த்தை. விதைகளுக்குச் சூடு ஆகாது, விந்தணு குறையும். அதைக் கேட்டுவிட்டுப் புரோஸ்டேட்டுக்கும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். புரோஸ்டேட்டோ இடுப்பெலும்புக்குள், எப்போதும் சுமார் 37 டிகிரியில் இருக்கும் உறுப்பு. சென்னை வெயிலானாலும் லண்டன் பனியானாலும் அதன் சூடு பெரிதாக மாறாது.

பார்க்க வேண்டியது வயதையும் குடும்பத்தையும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் "தாத்தாவுக்கு வயிற்றில் ஏதோ கட்டி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஊருக்கு போன் போட்டு ஒழுங்காகக் கேளுங்கள். இங்கிலாந்தில் வெள்ளையின ஆண்களில் 8ல் ஒருவருக்கும், கறுப்பின ஆண்களில் 4ல் ஒருவருக்கும், ஆசிய ஆண்களில் 13ல் ஒருவருக்கும் வாழ்நாளில் இது வருகிறது. நமக்குக் குறைவுதான், ஆனால் அலட்சியம் செய்யும் அளவுக்குக் குறைவு இல்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பெண்களை அழைப்பதுபோல இதற்கு இங்கே வீட்டுக்குக் கடிதம் வராது, நீங்களாகத்தான் கேட்க வேண்டும். முதலில் ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரிடம், பதிவு செய்யுங்கள். அதற்கு விசா தாளோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. 50 வயது ஆனவர் டாக்டரோடு நன்மை தீமைகளைப் பேசிவிட்டு, புரோஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். குடும்பத்தில் நோய் இருந்தால் 45 வயதிலேயே பேச்சை எடுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால் வயதே பார்க்க வேண்டாம். ரிசப்ஷனில் எதற்கு என்று கேட்பார்கள். "சிறுநீர்ப் பிரச்சினை" என்றால் போதும். ஆண் டாக்டர் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கிடையாது. மகனையோ மருமகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் பேசுவது யாருக்கும் சங்கடம்தான்.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் ஓட்டம், கடும் உடற்பயிற்சி, விந்து வெளியேறுவது எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டெரைட் சாப்பிடுபவர் அதை மறைக்கக் கூடாது, அது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எண் கூடினால் உடனே கலங்க வேண்டியதில்லை, அப்படிக் கூடியவர்களில் நாலில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அடுத்த படி வழக்கமாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான், எடுத்த எடுப்பில் ஊசி குத்திச் சதை எடுப்பதில்லை.

அப்புறம், பார்வையாளர் விசாவில் வரும் அப்பாக்கள். ஜிபியைப் பார்ப்பது அவர்களுக்கும் இலவசம். மருத்துவமனைக்கு அனுப்பினால், அவசரப் பிரிவைத் தவிர, பெரும்பாலும் செலவில் ஒன்றரை மடங்கு பில் வரும். ஏற்கெனவே தொந்தரவு இருந்தால் ஊரிலேயே பரிசோதித்து, அறிக்கையையும் மாத்திரைப் பெயர்களையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது பழைய நோயைச் சொல்லாமல் விட்டால் பிறகு பணம் தர மறுத்துவிடுவார்கள்.