பரண் சாமானைப் பழம்பொருள் கடையில் விற்பது எப்படி?

பாகம் பிரிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் சாமானை மதுரையில் பெரும்பாலும் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அதற்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளை ஒரு நடை பார்த்துவிடுங்கள். எங்கள் பாட்டி வீட்டுச் சாமானை அங்கே கொடுத்த பிறகு எழுதுகிறேன்.

1. பித்தளையைத் தேய்க்காதீர்கள். புளி, பவுடர் எதுவும் வேண்டாம். அந்தக் கருமை போனால் பழசுக்கான மதிப்பும் போச்சு.

2. எடை போடுங்கள். தொங்கவிடும் டிஜிட்டல் தராசுதான் என் சிபாரிசு. அண்டாவைக்கூட வளையத்தில் மாட்டிவிடலாம். கூடவே ஒரு காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு. அன்றைய பழைய பித்தளை விலையைப் பாத்திரக் கடையில் கேட்டுப் பெருக்குங்கள். 6 கிலோ, கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,000. அதற்குக் கீழே பேச்சே இல்லை.

எனாமல் பூசிய இரும்புப் பாத்திரத்துக்கு இந்த எடைக் கணக்கு உதவாது. கவிழ்த்து அடியில் முத்திரை பாருங்கள். ஸ்வீடன், ஜப்பான் சரக்கு என்றால் தனியாக வையுங்கள்.

3. மொத்த விலைக்குத் தலையாட்டாதீர்கள். இங்கேதான் எல்லோரும் கவிழ்கிறார்கள். கடைக்காரர் அண்டாவின் நசுங்கலையே தட்டித் தட்டிக் காட்டுவார். எனாமல் தூக்கைப் பற்றி ஒரு வார்த்தை வராது; ஆனால் அதன் மூடியை மட்டும் பதமாகப் பொருத்தி ஓரமாக வைப்பார். அப்புறம், "எல்லாத்துக்கும் சேத்து ஒரு விலை சொல்லிர்றேன்ணே" என்பார். சரி, சொல்லட்டும். உடனே, "தூக்கு எங்க அக்காவுக்கு வேணுமாம், மீதிக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். விலை பாதியாகச் சரிந்தால் மதிப்பு எதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

நம்மிடம் 2,000க்கு எடுத்ததைக் கடைக்காரர் 5,000 என்று விலை சொன்னால் கொள்ளையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்குபவர் பேசிப் பேசி 4,000க்கு இறக்குவார். கூட்டிவந்த டிரைவருக்கும் கமிஷன் போகலாம். சில சாமான் வருஷக்கணக்கில் அலமாரியிலேயே கிடக்கும். முதலும் அதோடு முடங்கும், வாடகை நிற்காது. கடை விலையில் பாதி நமக்கு வந்தால் நல்ல வியாபாரம் என்பேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுகூட வியாபாரம்தான். ஆனால், "இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று நேராகக் கேட்டும் "வெறும் தகரம்ணே" என்றால் அது ஏமாற்று. அதனால் கேட்டுவிடுங்கள், மழுப்பினால் அடுத்த கடை.

பிற்சேர்க்கை: வெண்கலச் சாமி சிலையை விற்கலாமா என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத சிலை தொல்பொருள். அதைப் பதிவு செய்ய வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்நாட்டில் தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். சிலையின் வயது தெரியாவிட்டால் கடைக்குத் தூக்கிப் போகாமல் முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.