தளத்துக்குத் தார் ஷீட்: பணம் போட்ட பிறகும் ஏன் ஒழுகுகிறது?

1960இல் அலிக்ஸ், கரோல் என்ற புயல்கள் அடுத்தடுத்து வந்து தகரக் கூரைகளைப் பிய்த்துப் போட்ட பிறகு, மொரீஷியஸில் கான்கிரீட் தளம் போட்ட வீடே வீடு என்றாகிவிட்டது. புயலுக்குத் தளம் அசையாது. ஆனால் சாய்ந்த கூரை மழையைத் தள்ளிவிடும், மட்டமான தளம் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வருடங்களில் உட்கூரையில் மஞ்சள் வட்டம் தெரியும், பூச்சு உதிரும், கம்பி துருவேறித் தலைகாட்டும். 'லேத்தான்ஷெய்த்தே' (நீர்க்கசிவுத் தடுப்பு) என்ற பிரெஞ்சுச் சொல் அப்போதுதான் வீட்டில் அடிபடும். பல வீடுகளில் அதற்குப் பொருள் தார் ஷீட் ஒட்டுவது.

நல்ல ஷீட் நடுவில் ஒழுகுவது அபூர்வம். ஓரத்திலும் ஜாயின்டிலும்தான் ஒழுகும். குழாயோ கம்பியோ தளத்தைத் துளைத்து வரும் இடத்திலும் ஒழுகும். வாங்குபவரோ 'எந்தக் கம்பெனி, எத்தனை மில்லி' என்ற பேரத்திலேயே களைத்துப்போய், ஓர வேலையை 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்று மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஷீட் வாங்கும்போது

பேச்சுவழக்கில் தார் என்றாலும் இது பிட்டுமென், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பின் மிஞ்சுவது. நிலக்கரித் தார் வேறு பொருள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பூசக் கூடாது. காற்று ஊதிக் கெட்டியாக்கிய பழைய வகை பிட்டுமென் ஷீட் விலை குறைவுதான், ஆனால் திறந்த தளத்தில் வெயில் பட்டால் சீக்கிரமே மொறுமொறுப்பாகி வெடித்துவிடும். திறந்த தளத்துக்கு பாலிமர் கலந்ததையே வாங்குங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஏபிபி என்பது பிளாஸ்டிக் சேர்த்தது. 130 முதல் 150 டிகிரி வரை இளகாது, வெயிலை நன்றாகத் தாங்கும். எஸ்பிஎஸ் என்பது ரப்பர் சேர்த்தது. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். அது 100 டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்கும், வெறும் வெயிலில் விட்டால் சீக்கிரம் முதிரும்.

போர்ட் லூயிஸ் வெயிலில் கறுப்புத் தளம் நடுப்பகலில் 70 டிகிரியைத் தொடும். எஸ்பிஎஸ் அதில் உருகிவிடாது. ஆனாலும் மேலே எதுவும் போடாத தளத்துக்கு ஏபிபி வாங்குங்கள், இல்லையென்றால் கல்துகள் பதித்த எஸ்பிஎஸ் வாங்குங்கள். தளம் நீளமாக இருந்து, விரிசல் வெயிலுக்கும் குளிருக்கும் திறந்து மூடுவதாக இருந்தால் எஸ்பிஎஸ்ஸே நல்லது.

லேபிளில் -5, -10, -20 என்று ஒரு குளிர் எண் இருக்கும். மேட்டுக் குளிர் ஊரான கியூர்பிப்பிலேயே தண்ணீர் உறையாதே, இது நமக்கு எதற்கு என்று தோன்றும். எந்தக் குளிர்வரை ஷீட்டை வளைத்தாலும் வெடிக்காது என்பதே அந்த எண். பாலிமரைக் குறைத்து மலிவுப் பொருளால் நிரப்பிய ஷீட் அந்தச் சோதனையில் சுழியத்துக்குப் பக்கத்திலேயே வெடித்துவிடும். அதனால் அந்த எண்ணைத் தரம் காட்டும் குறியாகப் படியுங்கள்.

அடுத்தது மில்லிமீட்டருக்கும் கிலோவுக்கும் உள்ள குழப்பம். வழவழப்பான ஷீட்டைத் தடிமனில் விற்பார்கள், 3 மி.மீ., 4 மி.மீ. என்று. கல்துகள் ஷீட்டைச் சிலர் எடையில் விற்பார்கள், சதுர மீட்டருக்கு 4 கிலோ, 4.5 கிலோ என்று. 4 கிலோ ஷீட்டை 4 மி.மீ. என்று நினைத்து வாங்குபவர்கள் ஏராளம். அந்த எடையில் ஒரு பங்கு வெறும் கல். துகள் இல்லாத ஓரப்பட்டையின் தடிமனைக் கேட்டு, அதையே ஒப்பிடுங்கள். டார்ச்சால், அதாவது கேஸ் சுடரால் ஒட்டும் ஒற்றை அடுக்குக்கு 4 மி.மீ. வேண்டும். 3 மி.மீ. ஷீட்டை இரண்டடுக்கு வேலையில் கீழ் அடுக்காகப் போடலாம், தனியாகப் போட்டால் சுடரில் கொஞ்சம் தவறினாலும் உள்வலை வரை வெந்துவிடும்.

அந்த உள்வலை பாலியெஸ்டராக இருக்கட்டும், சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம். கண்ணாடி இழை வலை சுருங்காமல் நிற்கும், ஆனால் 2 முதல் 4 சதவீதம் நீண்டாலே அறுந்துவிடும். கல்துகள் திறந்த தளத்துக்குத்தான். மேலே சாந்தும் டைலும் வரப்போகிறது என்றால் கல்துகளுக்குக் கொடுக்கும் காசு வீண். மேலே கல்துகளுக்குப் பதில் பாலித்தீன் படலம் உள்ள ஷீட்டை வெயிலில் அப்படியே விடுவது இதற்கு நேர்மாறான தவறு. குளியலறைக்கும் அடித்தளச் சுவருக்கும் 1.5 மி.மீ. ஒட்டும் ஷீட் கிடைக்கிறது, அதற்கு நெருப்பு வேண்டாம். அதைக் கொண்டுபோய் மொட்டைமாடியில் திறந்து விடாதீர்கள்.

எத்தனை ரோல்?

ஒரு ரோல் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். இதை 10 சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டால் கடைசியில் இரண்டு மூன்று ரோல் குறையும். பக்க ஜாயின்டுக்கு 10 செ.மீ., முனை ஜாயின்டுக்கு 15 செ.மீ. போக, உண்மையில் மூடுவது சுமார் 8.9 சதுர மீட்டர். 12க்கு 10 மீட்டர் தளம் 120 சதுர மீட்டர். நான்கு பக்கச் சுற்று 44 மீட்டர், சுவரில் ஏற்றவும் தளத்தில் படியவும் 35 செ.மீ. பட்டை என்றால் இன்னும் 15 சதுர மீட்டருக்கு மேல். மொத்தம் 135ஐ 8.9ஆல் வகுத்தால் 15 ரோலுக்குச் சற்று மேலே வரும். வெட்டுக் கழிவையும் சேர்த்து 17 வாங்குங்கள். 4 மி.மீ. ரோல் ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். நிழலில் நிற்கவைத்து வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் நசுங்கும், விரிக்கும்போது நேராக ஓடாது.

வாட்டமும் வடிகாலும்

குளம் கட்டும் தளத்தின்மேல் ஷீட் ஒட்டினால், பாதி வேலையை முடிக்காமல் விட்டதாகத்தான் அர்த்தம். மீட்டருக்கு 1.5 முதல் 2 செ.மீ. வாட்டம், அதாவது சரிவு வேண்டும். தளம் மட்டமாக இருந்தால் முதலில் வாட்டச் சாந்து போட்டுக் காயவிடுங்கள். வடிகால் வாயைச் சுற்றி 50 செ.மீ. சதுரத்தை 1 முதல் 1.5 செ.மீ. பள்ளமாக்குங்கள். அங்கே கூடுதல் துண்டும் மேல் ஷீட்டும் ஒன்றன்மேல் ஒன்று வருவதால், பள்ளம் இல்லாவிட்டால் வாய் மேடாகிவிடும். தண்ணீர் அதைச் சுற்றியே நிற்கும்.

2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மி.மீ. மழை கொட்டியது. மேலே சொன்ன 120 சதுர மீட்டர் தளத்துக்கு அது 18,000 லிட்டருக்கு மேல். ஒரே ஒரு வடிகால் இருந்து அதையும் மாவிலை அடைத்துக்கொண்டால், தண்ணீர் ஷீட்டின் சுவர் விளிம்பைத் தாண்டிப் பின்பக்கமாக உள்ளே இறங்கும். இரண்டு வடிகாலும், கைப்பிடிச் சுவரில் ஷீட் விளிம்புக்குக் கீழே ஓர் அவசரத் துளையும் வையுங்கள்.

ஈரத்தின்மேல் ஒட்டுவது

தைப்பூசக் காவடிக்கு உறவுகள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று டிசம்பர், ஜனவரியில் தொடங்குகிறார்கள். அது புயல் பருவம். இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான். மேட்டுப் பகுதியில் குளிர்காலத்திலும் தூறல் ஓயாது என்பதால், கியூர்பிப், வாக்குவா பக்கம் இருப்பவர்கள் மாதத்தை இன்னும் கவனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதுக் கான்கிரீட்டுக்கு 28 நாள் கொடுங்கள். பிறகு ஒரு பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டி, மாலையிலிருந்து மறுநாள் காலைவரை விடுங்கள். எடுக்கும்போது உள்ளே வியர்த்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தை ஷீட்டின் கீழ் பூட்டினால் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் கட்டும். கொப்புளத்தை ஊசியால் குத்திவிடுவது வைத்தியம் ஆகாது. பெருக்கல் குறி போல வெட்டி, நான்கு இதழையும் திறந்து காயவைத்து, சூடாக்கி மீண்டும் ஒட்டி, வெட்டுக்கு அப்பால் எல்லாப் பக்கமும் 15 செ.மீ. வருமாறு ஷீட்டில் ஓர் ஒட்டுத்துண்டு போட வேண்டும்.

தளத்தைப் பெருக்கினால் மட்டும் போதாது. பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டுங்கள், சிமென்ட் தூளை ஊதித் தள்ளுங்கள், பிறகு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் பிரைமர் (ஷீட் பிடிக்க முதலில் பூசும் பிட்டுமென் திரவம்) பூசுங்கள். விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே டார்ச் பற்றவையுங்கள். ஈரப் பிரைமரின் ஆவி குபீரென்று தீப்பிடிக்கும். பிரைமரை டீசலால் நீர்க்கவைப்பது ஒரு கெட்ட பழக்கம். டீசல் முழுதாக ஆவியாகாமல் தங்கி, பிட்டுமெனைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

சுடரும் ஜாயின்டும்

தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். அப்போதுதான் மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் படிந்து, தண்ணீர் ஜாயின்டைக் கடந்து ஓடும். முனை ஜாயின்டுகள் ஒரே கோட்டில் வராமல் தள்ளித்தள்ளி வரட்டும்.

ஷீட்டின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். அது முழுக்க உருகி மறைய வேண்டும். உருகாமல் நின்ற இடம் ஒட்டாது, பார்வைக்கு மட்டும் ஒட்டியதுபோல் இருக்கும். சுடரை ரோலின் அடிவயிற்றில் இடமிருந்து வலமாக ஆட்டுங்கள். மேற்பரப்பு பளபளத்து, ரோலுக்கு முன்னால் உருகிய பிட்டுமென் சின்ன அலைபோல் உருண்டு வர வேண்டும், அப்போது ரோலைத் தள்ளுங்கள். ஜாயின்டை அழுத்தியதும் விளிம்பில் 5 முதல் 10 மி.மீ. அளவுக்குக் கறுப்பு மணி வரிசையாகப் பிதுங்கும். பிதுங்கவில்லை என்றால் சூடு போதவில்லை. குளம்போல் வழிந்தாலோ, பாலியெஸ்டர் இழை வெள்ளையாகத் தெரிந்தாலோ வெந்துவிட்டது. ஆறியபின் கரணை நுனியால் விளிம்பு முழுக்க நெருடிப் பாருங்கள். நுனி உள்ளே நுழையும் இடத்தில் தண்ணீரும் நுழையும்.

கல்துகள் ஷீட்டின் முனை ஜாயின்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கல்லின்மேல் பிட்டுமென் பிடிக்காது. கீழ் ஷீட்டின் 15 செ.மீ. பட்டையை முதலில் சூடாக்கி, கரணையால் அழுத்திக் கற்களைப் பிட்டுமெனுக்குள் புதைத்துவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும். மூன்று ஷீட் சந்திக்கும் இடத்தில் நடு ஷீட்டின் மூலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் அங்கே ஒரு சின்னச் சுரங்கம் மிஞ்சும்.

புயல் தேசத்தில் திறந்த ஷீட்டை முழுப்பரப்பிலும் ஒட்டுவதே பாதுகாப்பு. காற்று தளத்தை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சும், அதுவும் மூலைகளிலும் ஓரங்களிலும் அதிகம். ஒட்டாத ஒரு முனை கிடைத்தால் மொத்த வரிசையையும் உரித்துவிடும்.

சுவர், கம்பி, குழாய்

தளமும் சுவரும் சேரும் மூலையில் 5 செ.மீ. சாய்வுச் சாந்து வையுங்கள். ஷீட்டுக்கு 90 டிகிரி மடிப்பு ஆகாது. சுவரில் குறைந்தது 15 செ.மீ. ஏற்றி, மேல் விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகியோ, உலோகப் பட்டை வைத்துத் திருகியோ, மேலே சீலன்ட் கொடுங்கள். பூச்சின்மேல் சும்மா ஒட்டிவிட்ட விளிம்பு இரண்டு கோடையில் வாய் பிளக்கும்.

மாடி கட்டுவதற்கு என்று விட்டுவைத்த தூண் கம்பிகளைச் சுற்றித்தான் இங்கே பல வீடுகள் ஒழுகுகின்றன. கம்பியைச் சுற்றி ஷீட்டைக் கத்தரித்துத் தார் பூசினால் நிற்காது. துரு பருத்துக்கொண்டே போகும், தண்ணீர் கம்பியைப் பிடித்துக் கீழே இறங்கும். ஒவ்வொரு கம்பிக் கூட்டத்தையும் 20 செ.மீ. உயரக் கான்கிரீட் கட்டைக்குள் அடக்கி, ஷீட்டை அந்தக் கட்டையின் பக்கத்தில் ஏற்றுங்கள். வெளியே தெரியும் கம்பிக்குச் சிமென்ட் பால் பூசுங்கள்.

பிவிசி குழாய் சுடர் பட்டால் உருகும். அந்த இடத்தில் ஒட்டும் ஷீட்டோ குளிர்ப் பசையோ பயன்படுத்துங்கள். சோலார் ஹீட்டரின் காலை ஷீட்டைத் துளைத்துத் தளத்தில் போல்ட் போடவே கூடாது. காற்றுக்குத் தாங்கும் கனமுள்ள கான்கிரீட் கட்டையை முன்கூட்டியே கட்டி, ஷீட்டை அதன்மேல் ஏற்றி முடித்துவிட்டு ஹீட்டரைப் பொருத்துங்கள்.

ஒப்படைக்கும் முன்

வடிகாலை அடைத்து 5 செ.மீ. தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள். சதுர மீட்டருக்கு 50 கிலோ சுமை ஏறும் என்பதால், கம்பி துருவேறிய பழைய தளத்தில் மட்டும் இன்ஜினியரைக் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். வெள்ளைப் பெயின்ட் பூசுவதானால் சில வாரம் பொறுங்கள். புது ஷீட் எண்ணெய் கசியும், அவசரப்பட்டுப் பூசினால் பெயின்ட் வறண்ட குளத்து மண்போல வெடித்துச் சுருளும். புயல் பருவத்தில் முதலாம் எண் எச்சரிக்கை வந்த அன்றே மேலே ஏறி, வடிகால் வாயில் இலை இருக்கிறதா, ஓரத்தில் எங்காவது விளிம்பு தூக்கியிருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மூன்றாம் எண் வந்த பிறகு ஏறாதீர்கள்.