அப்பாவின் கால் வீக்கமும் இரண்டு மாத்திரை அட்டைகளும்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் பத்து நாள் இருக்கும். கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன, எழுந்தால் தலைசுற்றல். படுத்தே கிடந்ததால் வந்த வீக்கம் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் பேச்சுவாக்கில் சொன்னேன். பார்மசிஸ்ட் அக்கா, "வீட்ல இருக்கிற எல்லா அட்டையையும் எடுத்துட்டு வாங்க, டிஸ்சார்ஜ் சம்மரியும் வேணும்" என்றார். ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டுபோய்க் கொட்டினேன். பெரிய எழுத்துப் பெயர்களை அவர் பார்க்கவே இல்லை. அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் படித்தார். பழைய மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மி.கி. ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதியது டெல்மிசார்டான் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்து 40 மி.கி.யோடு அதே அம்லோடிபின் 5 மி.கி. சேர்ந்த கூட்டு மாத்திரை. பெயர் வேறு, நிறம் வேறு. அம்மா இரண்டையும் வேளை தவறாமல் கொடுத்திருக்கிறார்! அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்குவது சகஜமாம். பழையதை நிறுத்தச் சொல்லி சம்மரியில் ஒரு வரிகூட இல்லை.

அக்காவே டாக்டருக்குப் போன் போட்டார். பழையதை நிறுத்தச் சொன்னார் டாக்டர். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியில், இப்படி நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு இடம் மாறும் கட்டமும் ஒரு முக்கியக் கவலை என்று அப்புறம்தான் படித்தேன்.

இப்போது மூலப்பெயர் (அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்), அளவு, நேரம், எதற்காக என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். நிறுத்தியவை சிவப்பு மையில். மீந்த பழைய அட்டைகளை தூக்கிப்போட மட்டும் அம்மா லேசில் சம்மதிக்கவில்லை, "காசு குடுத்து வாங்கினதுடா" என்று.