காலேஜில் டெட்எக்ஸ் நடத்தப் போகிறீர்களா? அதை ஆண்டுவிழா ஆக்கிவிடாதீர்கள்

இப்போதெல்லாம் பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று வித்தியாசமில்லாமல் எல்லா இடத்திலும் டெட்எக்ஸ் நடக்கிறது. கறுப்புப் பின்னணி, வட்டமான சிவப்புக் கம்பளம், பெரிய சிவப்பு எழுத்து, பல துறைகளிலிருந்து வந்து பேசுகிற ஆட்கள். நல்ல விஷயம்தான், நடக்கட்டும். ஆனால் யூடியூபில் உட்கார்ந்து வரிசையாகப் பத்துப் பேச்சு பார்த்தால் ஒன்று புரியும். பெயர் மட்டும்தான் டெட்எக்ஸ், உள்ளே ஓடுவது நம்முடைய பழைய ஆண்டுவிழா. நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் அடிப்படை. டெட் 1984-ல் கலிஃபோர்னியாவில் தொழில்நுட்பம், பொழுதுபோக்கு, வடிவமைப்பு மூன்றையும் சேர்த்து ஆரம்பித்த மாநாடு. 2006-ல் பேச்சுகளை இலவசமாக இணையத்தில் போட ஆரம்பித்தார்கள், உலகமே பார்த்தது. 2009-ல், உங்கள் ஊரில் நீங்களே இதுபோல ஒன்றை நடத்திக்கொள்ளலாம், எங்கள் பெயரை உரிமம் வாங்கிப் பயன்படுத்தலாம் என்று சொன்னார்கள். அதுதான் டெட்எக்ஸ். உரிமத்துக்குக் காசு கிடையாது, ஆனால் விதிகள் உண்டு. அந்த விதிகளைக் குழுவில் ஒருவராவது முழுசாகப் படித்திருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை, போன வருடம் எப்படிச் செய்தார்கள் என்று சீனியரிடம் கேட்டுக்கொள்வதோடு சரி.

படிக்காததால் வருகிற மிகப் பெரிய தலைவலி ஆள் கணக்கு. உரிமம் வாங்கியவர் டெட்டின் அதிகாரபூர்வமான மாநாடு எதிலும் கலந்துகொண்டிருக்காவிட்டால், அரங்கில் 100 பேருக்கு மேல் பார்வையாளர்களை உட்காரவைக்கக் கூடாது. இது தெரியாமல் எண்ணூறு பேர் கொள்ளும் ஆடிட்டோரியத்தை புக் பண்ணி, டிக்கெட்டும் விற்றுவிட்டு, கடைசி வாரத்தில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுவது தேவையே இல்லாத வேலை. 100 பேர் என்பது குறையும் இல்லை. கேட்கணும் என்று வந்த நூறு பேருக்கு முன்னால் பேசுவதும், ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு) கிடைக்கும் என்று வந்து கடைசி மூன்று வரிசையில் குனிந்து போன் பார்க்கிற அறுநூறு பேருக்கு முன்னால் பேசுவதும் ஒன்றா? அரங்கை நிரப்ப ‘செகண்ட் இயர் எல்லாரும் கட்டாயம் வரணும்’ என்று எச்.ஓ.டி.யிடம் சர்க்குலர் வாங்கும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். விண்ணப்பம் வாங்கி, ‘ஏன் வர விரும்புகிறாய்’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு ஆள் எடுங்கள். அரங்கின் சத்தமே மாறிவிடும்.

அடுத்து பேச்சாளர்கள். நிகழ்வு ஜெயிப்பதும் கோட்டைவிடுவதும் இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வழக்கமாக என்ன நடக்கிறது? ஒரு எக்ஸெல் ஷீட் திறப்பார்கள். ஒரு நடிகர், ஒரு ஐ.பி.எஸ். அதிகாரி, ஒரு ஸ்டார்ட்அப் முதலாளி, ஒரு யூடியூபர், உலகம் சுற்றிய ஒரு பைக் ரைடர். யாருக்கு ஃபாலோயர் அதிகம் என்று பார்த்து வரிசைப்படுத்தி, எல்லாருக்கும் ஒரே மெயில்: ‘உங்கள் வாழ்க்கைப் பயணத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.’ அப்புறம் எட்டுப் பேர் வருகிறார்கள், எட்டுப் பேரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். மார்க் குறைவு, சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், வேலையை விட்டேன், கஷ்டப்பட்டேன், இன்று இங்கே நிற்கிறேன், உங்களாலும் முடியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தக் கதை யாருடையது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பலதரப்பட்ட பேச்சாளர்கள் என்று போஸ்டரில் போட்டிருப்பார்கள், எட்டுப் பேரில் ஒரே ஒரு பெண் இருப்பார், அவரும் பரதநாட்டியம் ஆட வந்தவராக இருப்பார்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘உங்களுக்குத் தெரிந்த, மற்றவர்கள் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிற ஒரு விஷயம் என்ன?’ இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிகிறவரைக் கூப்பிடுங்கள், அவர் எவ்வளவு சாதாரண ஆளாக இருந்தாலும். உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கிற அந்த மெஸ் மேனேஜருக்கு, எந்தக் கிழமையில் எவ்வளவு சோறு வீணாகும், பரீட்சை வாரத்தில் ஏன் சாம்பார் மிஞ்சுகிறது, தட்டின் அளவை மாற்றினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அத்துப்படி. உணவு வீணாவதைப் பற்றி அவரைவிட நன்றாகப் பேச யார் இருக்கிறார்கள்? தவளைச் சத்தத்தைக் கேட்டே இனத்தைச் சொல்லிவிடுகிற விலங்கியல் பேராசிரியர் உங்கள் காம்பஸிலேயே இருக்கலாம், அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். நடிகரின் மேனேஜருக்கு இருபது முறை போன் போடுகிற நேரத்தில் இந்த மாதிரி நாலு பேரைத் தேடிப் பிடித்துவிடலாம்.

பேச்சாளருக்குச் சம்பளம் தரக்கூடாது என்பது விதி. பேச்சாளரிடம் காசு வாங்கவும் கூடாது. இந்த இரண்டாவதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘டெட்எக்ஸ் மேடை வாங்கித் தருகிறோம்’ என்று பேக்கேஜ் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ‘எங்கள் கிளையன்ட் பேசுவார், உங்கள் நிகழ்வுக்கு ஸ்பான்சரும் பண்ணுவார்’ என்று மெயில் வந்தால் பதில்கூடப் போடாதீர்கள். ஸ்பான்சருக்கும் மேடைக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டும்: யார் பேசுவது என்பதில் அவர் தலையிடக் கூடாது, அவர் லோகோ மேடையில் வரக் கூடாது. லாபியில் ஸ்டால் போடட்டும், டீ கப்பில் பெயர் போடட்டும். இதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலை எட்டு மணிக்கு ஃபிளெக்ஸோடு வந்து நிற்பார்கள்.

மொழி. எனக்கு ரொம்ப எரிச்சல் வருவது இதில்தான். டெட்எக்ஸ் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. எந்த மொழியிலும் பேசலாம். டெட்டில் தன்னார்வ மொழிபெயர்ப்புத் திட்டமே 2009-லிருந்து ஓடுகிறது, சப்டைட்டில் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் நம் ஆட்கள், ஒரு விதை சேகரிக்கிற விவசாயியைக் கூப்பிட்டு வந்து, ‘சார், கொஞ்சம் இங்கிலீஷில் ட்ரை பண்ணுங்க’ என்பார்கள். தமிழில் நெல் ரகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லக்கூடிய மனிதர், மேடையில் பேப்பரைப் பார்த்து ‘டுடே ஐ யாம் வெரி ஹேப்பி’ என்று ஆரம்பித்து வியர்த்துப்போய் நிற்பார். அவர் தமிழிலேயே பேசட்டும், மேடைத் தமிழ் கூட வேண்டாம், அவர் வீட்டில் பேசுகிற தமிழ் போதும்.

18 நிமிடம் என்பது அதிகபட்சம். அவ்வளவு நேரமும் பேசியாக வேண்டும் என்று அர்த்தமில்லை. பத்து நிமிடத்தில் முடிகிற விஷயத்தைப் பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். ‘நான் பல மேடை பார்த்தவன், ஒத்திகை எல்லாம் வேண்டாம்’ என்று சொல்பவரிடம்தான் ஜாஸ்தி கவனமாக இருக்க வேண்டும். பட்டிமன்றமும் பாராட்டு விழாவும் பேசிப் பழகியவர்களுக்கு, வணக்கம் சொல்லி, கல்லூரியைப் புகழ்ந்து, ஒரு ஜோக் சொல்லி விஷயத்துக்கு வரவே ஆறு நிமிடம் ஆகும். எழுதி வாங்குங்கள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச் வையுங்கள். மனசுக்குள் படித்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும், அந்தக் கணக்கை நம்பாதீர்கள். வீடியோ காலில் ஒரு ஒத்திகை, நிகழ்வுக்கு முந்தின நாள் அதே மேடையில், அதே விளக்கில், ஸ்லைடு மாற்றும் அதே கிளிக்கரோடு இன்னொன்று. முதல் ஒத்திகையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவர் சொல்லவந்தது எந்த நிமிடத்தில் வருகிறது? பன்னிரண்டாவது நிமிடம் என்றால் அதைத் தூக்கி மூன்றாவது நிமிடத்தில் போடச் சொல்லுங்கள். பெரிய மனுஷரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவரை விட்டுவிட்டு வேறு ஆள் பார்க்கவும் நேரம் இருக்கிற மாதிரி முன்னாலேயே ஆரம்பியுங்கள், விஷயம் அவ்வளவுதான்.

ஒத்திகைக்கு இன்னொரு பயன், சரக்கைச் சோதிக்கலாம். 2012 டிசம்பரில் டெட் அமைப்பே எல்லா டெட்எக்ஸ் குழுக்களுக்கும் போலி அறிவியல் பேச்சுகளைப் பற்றி எச்சரித்துக் கடிதம் எழுதியது. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது மாதிரியான சமாச்சாரங்கள் இன்னும் மேடையேறுகின்றன. நம்ம ஊர்ப் பதிப்பு ஒன்று: பூமியின் காந்த மையக்கோடு சிதம்பரம் நடராஜர் காலடியில் போகிறது என்பது. காந்த நடுக்கோடு (காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கிற கோடு) தென்னிந்தியாவைக் கடப்பது உண்மைதான், ஆனால் அது சிதம்பரத்துக்கு வெகு தெற்கே, திருநெல்வேலிப் பக்கம். இந்தியப் புவிகாந்த ஆய்வு நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதே அதனால்தான். பாருங்கள், உண்மையே எவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கிறது! ஸ்கிரிப்டில் எண்ணோ, ‘நாசா சொன்னது’ என்ற வரியோ வந்தால் அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். மேடையிலிருந்து மதமோ கட்சியோ பரப்பக் கூடாது, பொருள் விற்கக் கூடாது என்பதும் விதி. தன் கோச்சிங் கிளாஸுக்கு க்யூஆர் கோடு வைத்துக் கடைசி ஸ்லைடு போடுகிற ஆட்களை ஒத்திகையிலேயே பிடித்துவிடலாம்.

இப்போது ஆண்டுவிழா வியாதிக்கு வருவோம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சீஃப் கெஸ்ட் அறிமுகம், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, மெமென்டோ, குரூப் போட்டோ. கரஸ்பாண்டன்ட் பேசாமல் நிகழ்ச்சி ஆரம்பித்தால் கோபித்துக்கொள்வாரே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, புரிகிறது. அவரிடம் முன்கூட்டியே போய், விதியைப் பிரிண்ட் எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள். மேடையில் நாற்காலி வரிசை கிடையாது, பேச்சு மேசை கிடையாது, கலந்துரையாடல் கிடையாது, கேள்வி நேரம்கூடக் கிடையாது. பொன்னாடையை மதியச் சாப்பாட்டு அறையில் போர்த்துங்கள், யார் வேண்டாம் என்றது? தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. அதைப் பாடிவிட்டு நேராக முதல் பேச்சாளரை ஏற்றினால் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். தொகுப்பாளருக்கும் இதையே சொல்லி வையுங்கள், பேச்சு முடிந்ததும் ‘வாட் அன் இன்ஸ்பைரிங் டாக்’ என்று அதையே மூன்று நிமிடம் திரும்பச் சொல்ல வேண்டாம்.

மைக் விஷயத்தில் யாரும் யோசிக்காத ஒன்று உடை. காலர் மைக் சட்டைக்கு ஒத்துவரும். கஞ்சி போட்ட காட்டன் புடவையின் முந்தானையில் குத்தினால் கையை அசைக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் பதிவாகும். பேட்டரிப் பெட்டியை மாட்ட இடுப்பில் பெல்ட் வேண்டும், சுடிதாருக்கு அது கிடையாது. கடைசி நிமிடத்தில் ஒரு வாலண்டியர் பையன் பெண் பேச்சாளரிடம் போய்த் தயங்கி நிற்பான். காதில் மாட்டுகிற ஹெட்செட் மைக் வாடகைக்கு எடுங்கள், பெட்டியைப் போட ஒரு இடுப்புப் பட்டை வாங்கி வையுங்கள், மாட்டிவிட ஒரு மாணவி இருக்கட்டும். மேடை ஓரத்தில் ஒரு கைமைக் எப்போதும் ஆன் செய்யத் தயாராக இருக்கட்டும். தலைமைப் பண்பு பற்றி எழுதுகிற சைமன் சினெக் 2009-ல் அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் டெட்எக்ஸில் பேசிய பேச்சைப் பாருங்கள். நடுவில் மைக் கெட்டுப்போக, யாரோ கைமைக் கொண்டுவந்து கொடுக்கிறார், அவர் பாட்டுக்குத் தொடர்கிறார். ஸ்லைடும் கிடையாது, ஒரு ஸ்டாண்டில் பேப்பரைப் போட்டு மார்க்கரால் வட்டம் வரைவார். உலகத்தில் அதிகம் பேர் பார்த்த டெட் பேச்சுகளில் அது ஒன்று. நீங்களோ எல்.இ.டி. சுவருக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு ஆடியோவுக்கு மிச்சக் காசைத் தருகிறீர்கள். அந்தச் சுவரின் வெளிச்சத்தில் பேசுகிறவர் முகம் கேமராவில் இருட்டாகவும் விழும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சில விநாடி இடைவெளி வரும், அந்த இடைவெளியில் ஆடியோ மிக்ஸரும் ரெக்கார்டரும் அணைந்தால் பேச்சு போச்சு. அவை இரண்டுக்கும் தனி யுபிஎஸ். மிக்ஸரிலிருந்து நேராகத் தனிப் பதிவு ஒன்று, கேமராவில் இன்னொன்று.

நிகழ்வு முடிந்த மறுநாள் எல்லாரும் தூங்கப் போய்விடுவார்கள், அப்புறம் செமஸ்டர் வந்துவிடும், வீடியோ ஆறு மாதம் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். வீடியோக்களை டெட் அமைப்புக்கு அனுப்புவது உரிமத்தின் பகுதி, அது பாக்கி இருந்தால் அடுத்த வருட உரிமத்துக்குச் சிக்கல். பேச்சாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ஒப்புதல் படிவத்தையும் மேடையேறும் முன்பே வாங்கிவிடுங்கள். ஸ்லைடில் இளையராஜா பின்னணி இசையோ கூகுளில் எடுத்த படமோ இருந்தால் காப்புரிமைப் பிரச்சினை வரும், அதை ஒத்திகையிலேயே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். தலைப்பை ‘தன்னம்பிக்கையின் சக்தி’ என்று வைக்காதீர்கள், அந்தப் பெயரில் ஆயிரம் கிடக்கிறது. ‘மெஸ்ஸில் ஏன் சாம்பார் மிஞ்சுகிறது’ என்று வைத்தால் நான் கிளிக் பண்ணுவேன்.

உரிமம் ஃபைனல் இயர் மாணவர் பெயரில் இருந்தால் அவர் மே மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், மெயில் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். அதனால் விண்ணப்பிக்கும்போதே ஃபைனல் இயருக்கு முந்தின வருட மாணவர் ஒருவரைப் போடுங்கள், அல்லது ஆர்வமுள்ள ஒரு ஆசிரியரை. பேச்சாளர் பட்டியல், செலவுக் கணக்கு, மைக் வாடகைக்காரர் நம்பர் எல்லாவற்றையும் ஒரே டிரைவில் போட்டு அடுத்த குழுவுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.